மோட்டாரை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பார்

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

அம்பாசடரின் வைப்பர் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். மழையில் முகப்பு விளக்கைப் போட்டதும் வைப்பர் தளர்ந்து பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது, விளக்கை அணைத்தால் மறுபடி அசைகிறது என்கிறாய். மோட்டார் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று அங்கே மெக்கானிக் கடையில் சொன்னார்களாம். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதே. 2014-இலேயே உற்பத்தி நின்றுபோன வண்டிக்குச் சரியாகப் பொருந்தும் மோட்டார் கிடைப்பது எளிதன்று. அதைவிட முக்கியமாக, நீ சொல்லும் அறிகுறி மோட்டாரைக் காட்டவில்லை, அதற்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம் வழியில் குறைவதையே காட்டுகிறது. மோட்டாரே கெட்டிருந்தால் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது ஒரே மாதிரிதான் தடுமாறும்.

எனக்கு முதல் சந்தேகம் எர்த் மீதுதான். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத்தான் திரும்பிப் போகிறது; அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். மோட்டாரோ அதிர்வுக்காக ரப்பர் மீது உட்கார்ந்திருப்பதால், அதற்கென்று தனி எர்த் ஒயர் உண்டு. அந்த ஒயர் பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றிப் பார். நாகப்பட்டினத்துக் கடல் காற்றில் அங்கே துருவும், செம்பு முனையில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கழற்றுவதற்கு முன்பு அளந்துவிடு. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்; எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பிறகு கண்ணாடியை நனைத்துவிட்டு (உலர்ந்த கண்ணாடியில் ஓட்டினால் மோட்டாருக்குச் சுமை கூடி அளவு தவறும்), வைப்பரையும் விளக்கையும் போட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் உலோக உடலிலும் மற்றொன்றைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது என்பது உறுதி. பேட்டரியின் மைனஸிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை நேராக மோட்டாரின் உடலில் தொட்டுப் பார். வைப்பர் உடனே வேகமெடுத்தால் மேற்கொண்டு தேட வேண்டியதே இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தகரம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவிவிடு.

எர்த் சரியாக இருந்தால் மறுபக்கம் பார்க்க வேண்டும். பேட்டரியின் பிளஸுக்கும் மோட்டாருக்குள் நுழையும் ஒயருக்கும் இடையே அதே முறையில் அள. அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பியூஸ் உட்காரும் கிளிப், வைப்பர் சுவிட்ச், இடையிலுள்ள இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வா. கண்ணாடிக் குழாய் பியூஸ் நன்றாகவே இருக்கும், அதைப் பிடிக்கும் கிளிப் களிம்பேறித் தளர்ந்திருக்கும். இது பழைய வண்டிகளில் அடிக்கடி நடப்பது. பியூஸ் போனால் அதே அளவுதான் போட வேண்டும். கூடுதல் ஆம்பியர் பியூஸையோ ஒயர் துண்டையோ யார் வைத்துத் தந்தாலும் ஏற்காதே. பிறகு பழுது வந்தால் உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயராகத்தான் இருக்கும், அது தீப்பிடிக்கும் இடம்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் மோட்டார் தளர்ந்தால், வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். மோட்டார் முனகியும் தண்டு திரும்பாவிட்டால் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அப்போதும் பிரஷை மட்டும் மாற்றினால் போதும்.

ஐப்பசி மழை வலுக்கும் முன் இதை முடித்துவிடு, அம்மா. அதுவரை இரவில் திருவாரூர்ச் சாலையில் வண்டியை எடுக்க வேண்டாம். மழையில் விளக்கில்லாத டிராக்டரும் மாடும் எதிரே வருவது வைப்பர் ஓடும்போதே சரியாகத் தெரிவதில்லை. எர்த் பக்கம் எத்தனை வோல்ட், பிளஸ் பக்கம் எத்தனை வோல்ட் என்று இரண்டையும் குறித்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு, தேவையென்றால் நானே கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அப்பா