அந்த மூன்று மாதக் கணக்கைத் தாருங்கள்

தமிழகத்திலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கும் மலேசியத் தனியார் பள்ளி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய தோட்டத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஈப்போ சாலையில் ஒரு தனியார் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். இதே குறையைச் சொல்லும் ஆசிரியர்கள் வேறு பள்ளிகளிலும் இருக்கிறார்கள்.

2024 ஜனவரி முதல் வாரம் இங்கே வந்தேன். "வெளிநாட்டுச் சம்பளத்துக்கு ஊரில் வரி கிடையாது" என்றார் ஏஜெண்ட். நேர்காணலில் நீங்களும் தலையாட்டினீர்கள். அது பாதி உண்மை. இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வேலைக்காக வெளிநாடு செல்பவர், புறப்படும் ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் உள்நாட்டுவாசிதான். நான் 280 நாள் ஊரில் இருந்துவிட்டு விமானம் ஏறியவள். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீங்கள் தந்த ரிங்கிட்டும், தென்காசியில் ஒன்பது மாதம் வாங்கிய சம்பளத்தோடு சேர்ந்து அங்கே வரிக்கு உட்பட்டது. ஏப்ரலுக்குப் பிறகு இங்கே சம்பாதித்து இங்கே வாங்கிய சம்பளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான்.

ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்தியாவும் மலேசியாவும் 2012-இல் ஒப்பந்தம் செய்தன. இங்கே பிடித்த வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் சான்று வேண்டும். வரித்துறையின் முத்திரைதான் வேண்டும் என்றுகூட இல்லை. வரியைப் பிடித்த முதலாளி கொடுக்கும் கடிதமும் செல்லும். என் ஆண்டுக்குப் படிவம் 67 என்று ஒன்று நிரப்பி அதனோடு அந்தச் சான்றை இணைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சம்பளத்தை ரூபாயாக மாற்ற, பாரத ஸ்டேட் வங்கியின் முந்தைய மாதக் கடைசி நாள் விகிதத்தை எடுக்க வேண்டும் என்பது விதி. எனவே மாதவாரியாகத் தொகை தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

அந்த ஜூன் மாதம் உங்கள் கணக்குப் பிரிவில் போய் நின்றேன். "இ.ஏ. படிவம் பிப்ரவரியில் வரும், பொறுங்கள்" என்றார்கள். முதலாளி ஆண்டுக்கொரு முறை தரும் சம்பள, வரிச் சான்று அது. வந்தது, 2025 பிப்ரவரியில். அதில் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே மொத்தத் தொகை. என் இந்திய வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கெடு 2024 ஜூலை 31. படிவம் 67-ஐ 2025 மார்ச் 31 வரை தரலாம் என்பது உண்மைதான். ஆனால் தாக்கல் செய்த கணக்கைத் திருத்தும் வாசல் ஜனவரி நடுவிலேயே மூடிவிட்டது. திறந்திருந்த சாளரம் வழியே பூட்டிய கதவைப் பார்ப்பதுபோல இருந்தது. ஊர் ஆடிட்டர் கையை விரித்தார், இரண்டு பக்கமும் வரி கட்டினேன்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி ரப்பர் மரம் சீவியவர். இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டார். அவர் காலத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, கிராணி என்ற தோட்டத்துக் கணக்கர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பாராம். அரை நாள் வேலை என்றால் அரை நாள் என்றே இருக்கும். "உங்கள் பள்ளிக்கூடத்தில் கிராணி இல்லையா அம்மா?" என்று கேட்டார். கணினியும் மென்பொருளும் இருக்கின்றன பாட்டி, கிராணிதான் இல்லை.

நான் கேட்பது ஒரு தாள். ஜனவரியில் சேரும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுங்கள்: அந்த மூன்று மாதச் சம்பளம் மாதவாரியாக, ஒவ்வொரு மாதமும் பிடித்த வரி, பிடித்த தேதி, கையெழுத்து, முத்திரை. வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் வரும் சம்பளச் சீட்டு போதாது.

ஆண்டின் பிற்பாதியில் சேருபவர்களுக்கு இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் தோழி செப்டம்பரில் வந்தவர். இங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் மலேசியாவில் 182 நாள் நிறையாவிட்டாலும், அடுத்த ஆண்டின் தொடர்ச்சியான தங்கலோடு அது இணைந்தால் மலேசியா அவரை உள்நாட்டுவாசியாக ஏற்கும். ஊர்ப் பயணத்துக்கு 14 நாள்தான் சலுகை. அவர் டிசம்பரில் போய், புத்தாண்டைக் கொண்டாடிவிட்டு 21 நாள் கழித்துத் திரும்பினார். தொடர்ச்சி அறுந்தது. அந்த நான்கு மாதச் சம்பளத்துக்கும் 30 விழுக்காடு வரி. விடுப்புச் சீட்டில் கையெழுத்திட்ட உங்கள் அலுவலகம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வரும் ஜனவரியில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி உங்களில் ஒருவரிடம் வேலைக்குச் சேர வருகிறாள். என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டாள். கருப்பட்டியும் சுக்கும் எடுத்து வா, பாஸ்போர்ட்டில் புறப்பாட்டு முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்து வை என்றேன். ஏப்ரலில் அவள் உங்கள் மேசைக்கு வருவாள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணித ஆசிரியை