பரிசுப் பொருள்களின் தவறான குறிப்பு அட்டைகளும் மோசமான பேக்கிங்கும் – புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: ‘வித்தியாசமான பரிசுகள்’ பிரிவில் வாங்கிய ஐந்து பொருள்கள் – பணத்தைத் திருப்பித் தரவும், விற்பனைக் குறிப்புகளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இணைப்பில் உள்ள ஆர்டரில் கிராக்கிள் கிளேஸ் பூச்சாடி, நான்கு இரட்டைச் சுவர் கண்ணாடி டம்ளர் அடங்கிய செட், பித்தளை வளையத்தில் பதித்த வட்ட மரத்தட்டு, தங்க விளிம்புக் கோப்பை, பித்தளை மெழுகுவத்தித் தாங்கி என ஐந்தும் பரிசாகக் கொடுப்பதற்கென்றே வாங்கப்பட்டவை. அழகில் ஒன்றும் சோடையில்லை. அவற்றைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதிலும் அனுப்பிவைத்த விதத்திலும்தான் குறை.

தனக்கென்று வாங்குபவர் பொருளைத் திருப்பிப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் கேட்பார். பரிசு விஷயத்தில் வாங்கியவர் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துபவர் உங்கள் விற்பனைப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் அட்டை ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கும் விவரம். அதிலேயே தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் பூச்சாடி. ‘ஸ்டோன்வேர், புதுப் பூக்களுக்கும் ஏற்றது’ என்கிறது அட்டை. உலர்ந்த செய்தித்தாளின் மேல் வைத்து, முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் சாடியின் அடிவட்டம் தாளில் ஈரமாகப் பதிந்திருக்கும். சூளையிலிருந்து ஆறும்போது, அடியிலுள்ள மண்ணைவிட கிளேஸ், அதாவது மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சு, அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு வலைபோல விரிசல் விடும். கிராக்கிள் அலங்காரம் என்பதே இந்த விரிசல்தான். வேண்டுமென்றே வரவழைத்ததா, தானாக வந்ததா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. சாடியின் உடல் 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு இறுகிய ஸ்டோன்வேராக இருந்தால் விரிசலைத் தாண்டி நீர் அவ்வளவாக இறங்காது. ஆனால் இந்தச் சாடியைக் கவிழ்த்து, கிளேஸ் படாத கால்வளையத்தில் (சாடி ஊன்றி நிற்கும் அடி விளிம்பில்) ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே உறிஞ்சிக்கொள்கிறது. அது 1000 முதல் 1150 டிகிரி வரை சுட்ட எர்தன்வேரின் (நுண்துளை உள்ள மண்பாண்டத்தின்) குணம், ஸ்டோன்வேரின் குணமல்ல.

இதை மரமேசையில் வைத்தால் வார்னிஷில் வெள்ளை வளையம் விழும். மேசை கெட்டுப்போனால் பரிசு கொடுத்தவரைத்தான் திட்டுவார்கள், உங்களையல்ல. ‘உலர்பூக்களுக்கு மட்டும்’ என்று அச்சிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும்படி ஒரு கண்ணாடிக் குழாயைச் சேர்த்து விற்க வேண்டும். இரண்டுமே பெரிய செலவில்லை. விலை ஸ்டிக்கரையும் அதே கால்வளையத்தில்தான் ஒட்டியிருக்கிறீர்கள். ஸ்டிக்கரின் பசை நுண்துளைக்குள் இறங்கிவிட்டால் வெந்நீருக்கும் வராது, சோப்புக்கும் வராது. பரிசுப் பொருளில் ஸ்டிக்கரை கிளேஸ் உள்ள பக்கத்தில் ஒட்டுங்கள், அல்லது நூலில் கட்டிய சீட்டாகத் தொங்கவிடுங்கள்.

அடுத்தது டம்ளர்கள். ஒன்று உடைந்தே வந்தது; அதைப் பேக்கிங் பற்றிய பகுதியில் சொல்கிறேன். மீதி மூன்றில் ஒன்றின் அடியில் சிலிக்கோன் அடைப்பான் இல்லை. இந்த வகை டம்ளரில் இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்று அடைபட்டிருக்கும். தயாரிப்பின்போது அடியில் விடும் சிறு துளையைக் கடைசியில் சிலிக்கோன் வைத்து மூடுவார்கள். அது விழுந்துவிட்டால் கழுவும் நீர் துளை வழியாக உள்ளே போய்விடும். திரும்ப வெளியே வராது. வந்த டம்ளரிலும் சுவர்களுக்கு நடுவில் முத்துமுத்தாக நீர்த்துளி நிற்கிறது, படம் 4-ஐப் பாருங்கள். புதுப் பொருளில் நீர்த்துளி இருக்கிறதென்றால் யாரோ கழுவியிருக்கிறார்கள். காட்சிக்கு வைத்ததையோ திரும்பி வந்ததையோ மறுபடி பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அட்டையில் ‘வெப்பத்தையும் குளிரையும் தாங்கும்’ என்று ஒரே வரி. இந்த வகை டம்ளர் செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது, சாதாரண சோடா-லைம் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வெந்நீரைத் தாங்கும் என்பது சரி. ஆனால் உட்சுவர் மிக மெல்லியது. எவர்சில்வர் ஸ்பூனால் கலக்கினால் அடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு ஒருநாள் கொதிக்கும் பானம் ஊற்றும்போது அந்தக் கீறலில் தொடங்கி விரிசல் ஓடும். ஐஸ் போட்டுக் குடித்த உடனே சூடாக ஊற்றினாலும் ஆபத்துதான். ‘மரக்கரண்டியால் கலக்கவும், அடியை நீரில் ஊறவைக்க வேண்டாம், அடைப்பான் விழுந்தால் பயன்படுத்த வேண்டாம்’ என்று மூன்று வரி சேர்த்தால் போதும். ஒரு கை சுடாமல் தப்பும்.

மரத்தட்டில் இருப்பது வடிவமைப்புப் பிழை. மரம் இழைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. 300 மி.மீ. அகலத் தட்டில் மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினாலே ஏறத்தாழ 2 மி.மீ. அசைவு இருக்கும். அதை இடைவெளியே விடாமல் பித்தளை வளையத்துக்குள் இறுக்கிப் பசையும் போட்டால் மரம் எங்கே போகும்? நடுவில் பிளந்திருக்கிறது. போதாக்குறைக்கு ‘சமையல் எண்ணெய் பூசிப் பராமரிக்கவும்’ என்ற யோசனை வேறு. அந்த எண்ணெய் மரத்துக்குள் இருந்தபடியே சிக்கு வாடை பிடிக்கும். உணவுத் தர மினரல் ஆயில் என்று எழுதுங்கள்.

கோப்பையின் விளிம்பில் உலோகத் தங்கப் பூச்சு, அடியில் ‘மைக்ரோவேவ்’ குறி. பொறி பறக்கும், விளிம்பு கருகும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிளேஸிலிருந்து ஈயம் கசிகிறதா என்று பார்க்க 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து அளப்பது வழக்கமான சோதனை. அந்த அறிக்கையைக் கேட்டதற்கு ‘உணவுக்கு ஏற்றது’ என்ற வரியையே திரும்ப அனுப்பினீர்கள். கேட்டது அறிக்கை.

மெழுகுவத்தித் தாங்கி லேக்கர் (கறுக்காமல் காக்கும் மெல்லிய பூச்சு) பூசிய பித்தளை. அதை பாலிஷ் போட்டுத் தேய்க்கச் சொல்கிறது அட்டை. தேய்த்தால் லேக்கர் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து, பெயர்ந்த இடம் மட்டும் கறுக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

வித்தியாசமான பொருள் என்றால் பயன்பாட்டில் குறை இருக்கத்தான் செய்யும் என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். குறை இருக்கலாம், அதைச் சொல்லிவிட வேண்டும். வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்து 1990-இல் அலெஸ்ஸி என்ற இத்தாலிய நிறுவனம் வெளியிட்ட மூன்று கால் எலுமிச்சைப் பிழியானுக்குத் தங்க முலாம் பூசிய பதிப்பும் வந்தது. சாற்றின் அமிலம் முலாமைக் கெடுக்கும் என்பதால் அது அலங்காரத்துக்குத்தான் என்று சொல்லியே விற்றார்கள். வாங்கியவருக்கு ஏமாற்றமில்லை.

பேக்கிங்குக்கு வருகிறேன். காந்த மூடி போட்ட கிஃப்ட் பாக்ஸையே கூரியர் கவருக்குள் நுழைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நான்கு டம்ளருக்கும் ஒரே குழி. நடுவில் தடுப்பு அட்டை இல்லை. கண்ணாடியோடு கண்ணாடி மோதித்தான் ஒன்று உடைந்தது. பெட்டியின் மூலைகளில் நசுங்கலே இல்லாததால் பழியைக் கூரியர் மேல் போட முடியாது. ஒவ்வொரு டம்ளரையும் தனித்தனியாகச் சுற்றி, நடுவில் குறுக்குத் தடுப்பு வைக்க வேண்டும். கிஃப்ட் பாக்ஸ் இன்னொரு அட்டைப்பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. மெத்தையோடு உட்கார வேண்டும். பூச்சாடியின் கழுத்துதான் பலவீனமான இடம். உள்ளே தாள் திணித்து, கழுத்தை மட்டும் தனியாகச் சுற்றிய பிறகே முழுச் சாடியையும் சுற்ற வேண்டும். டேப் ஒட்டியபின் ஒருமுறை குலுக்கிப் பார்க்கட்டும். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பேக்கிங் முடியவில்லை என்று அர்த்தம்.

‘பரிசு’ என்று டிக் செய்து, பெறுபவர் முகவரிக்கே அனுப்பச் சொன்ன பெட்டியில் விலையோடு பில்லையும் வைத்திருக்கிறீர்கள். விலை இல்லாத, எக்ஸ்சேஞ்ச் எண் மட்டும் உள்ள சீட்டுதான் பரிசுப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். திருப்பித் தரும் 7 நாள் கெடுவும் டெலிவரி தேதியிலிருந்து ஓடுகிறது. முன்கூட்டியே வாங்கி வைக்கும் பரிசைப் பிரிப்பதற்குள் கெடு முடிந்துவிடும். ஆர்டர் போடும்போதே ‘கொடுக்கும் தேதி’யைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து கணக்கிடுங்கள்.

டம்ளர் செட், பூச்சாடி, மரத்தட்டு மூன்றுக்கும் முழுப் பணத்தையும் பணம் கட்டிய கணக்கிலேயே திருப்பித் தர வேண்டும். ஸ்டோர் கிரெடிட் வேண்டாம். கோப்பைக்குச் சோதனை அறிக்கை அனுப்புங்கள். இல்லையென்றால் அதற்கும் பணம். தாங்கியை வைத்துக்கொள்கிறேன், சரியான அட்டை மட்டும் போதும். இதே பூச்சாடியையும் கோப்பையையும் வாங்கிய மற்றவர்களுக்கும் திருத்திய குறிப்பை அனுப்புங்கள். 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். உடைந்த டம்ளர், பிளந்த தட்டு, அசல் பெட்டிகள் எல்லாம் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. உங்கள் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
ஆர்டரில் பெயர் உள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், குறிப்பு அட்டைகளின் படங்கள், பொருள்களின் படங்கள், உங்கள் சேவைப் பிரிவின் பதில்.