ஆறாவது கைப்பிடி

ரங்கூன்
ஆடி கடைசி ஞாயிறு, 2025

அன்புள்ள சண்முகம்,

நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? வாக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருமுனை டீக்கடை வரை நடக்கிறாயாம், உன் பேரன் சொன்னான். சந்தோஷம். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இரண்டுக்கும் கட்டைவிரல் படம் போட்டதோடு சரி. திட்டு. ஆனால் கொஞ்சம் மிச்சம் வைத்துத் திட்டு, கீழே இன்னும் பெரிய குற்றம் வருகிறது.

நீங்கள் எங்களிடம் விட்டுப்போன உங்கள் வீட்டுத் தேக்கு அலமாரி இருக்கிறதே, அதன் பித்தளைப் பிடிகள் போன மாதம் பழைய சாமான்காரன் தராசு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தன. இதைச் சொல்லாமல் ஐந்து வாரம் இருந்துவிட்டேன். இனி முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மூத்தவன், அம்மா புகையிலும் கரியிலும் கிடக்கிறாளே, அடுக்களையைப் புதுசாகப் போடு என்று பணம் அனுப்பினான். பர்மாக்காரத் தச்சர் ஒருவர் வந்து அளந்து, கணக்குப் போட்டு, தொகையைச் சொல்லாமல் எழுதிக் காட்டினார். வாய்விட்டுச் சொல்ல அவருக்கே கூச்சம். சீன எல்லையில் மூசே பாதை சரியில்லாமல் போனதிலிருந்து சீனச் சாமான் தொட்டாலே சுடுகிறது. சரி, பெட்டிகள் உறுதியாகத்தானே இருக்கின்றன, கதவுக்குப் பெயின்ட் அடித்து, கீலையும் கைப்பிடியையும் மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். கதவு பத்து, டிராயர் நாலு. ஆக 14 பிடி. ஒரு சாயங்கால வேலை என்று மருமகளிடம் சொன்னேன். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் நாள் நடந்ததை நீ யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக ராமுவிடம். பழைய பிடி ஒன்றை நுனிக்கு நுனி டேப் வைத்து அளந்துகொண்டு சூரத்தி பஜார் பக்கத்துச் சந்துக்குப் போனேன். கடைப் பையன் '96ஆ, 128ஆ?' என்றான். விலையைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, '90க்குக் கொடு' என்றேன். 90 கிடையாது என்றான். '14 எடுக்கிறேன், பார்த்துச் செய்' என்றேன். 'வேண்டுமானால் 160 இருக்கிறது' என்கிறான். கேட்கக் கேட்க விலையை ஏற்றுகிறானே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது! பக்கத்தில் நின்ற ஒரு தச்சர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் நடுவில் உள்ள தூரமாம், மில்லிமீட்டரில். 96, 128, 160 எல்லாம் 32இன் மடங்கு. மெஷினில் செய்யும் அலமாரிகளுக்கு 32 மில்லிக்கு ஒன்றாகத்தான் ஓட்டை போடுவார்கள், பிடிக்காரனும் அதே கணக்கில் வார்க்கிறான்.

இவ்வளவும் கேட்ட பிறகாவது புத்தி வர வேண்டாமா? 'எனக்கு 128' என்று கம்பீரமாகச் சொன்னேன். நுனிக்கு நுனி அளந்தது அதுதானே. வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் கதவில் ஓட்டை 96. ஒவ்வொரு பக்கமும் 16 மில்லி தள்ளி நிற்கிறது. கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள், ரசீதிலேயே போட்டிருக்கிறது. இன்செயின் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்தவன் நான். என் வீட்டுக்காரி செல்லம் 14 பிடியையும் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 'அப்புறம் ரயில் எப்படி ஓடியது?'

வீம்புக்கு ஒரு டிராயரில் புதிதாக ஓட்டை போட்டு அதில் ஒன்றை மாட்டினேன். நீள உருளைக் கம்பி, இரண்டு முனையும் காலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரி. பார்க்க அழகுதான். நம்மைப் போல லுங்கி கட்டுகிறவன் வீட்டில் அதை வைக்கவே கூடாது. விடியற்காலை, கரண்ட் இல்லை, தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பும்போது கம்பி முனை லுங்கி முடிச்சில் மாட்டிக்கொண்டது. மீதியை நீயே நினைத்துக்கொள். மருமகள் அப்போது எழுந்திருக்கவில்லை, முருகன் காப்பாற்றினான். அந்த 14ம் இப்போது கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன.

இனி விளையாட்டு இல்லை. செல்லத்துக்குக் கைவிரல் முட்டுகள் இரண்டு வருடமாக வீங்கிக் கிடக்கின்றன. உனக்கு எழுதியதில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. மேல் அலமாரிகளில் உருண்டைக் குமிழ் இருந்ததா, அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தால்தான் திறக்கும். அந்தக் கிள்ளுதான் அவளால் முடியாது. அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? ஒவ்வொரு குமிழிலும் பழைய சேலைக் கிழிசலை வளையமாகக் கட்டி, அதில் மணிக்கட்டை விட்டு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டு மாதமாக. நான் தினம் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், துணி காயப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அழகைப் பார்க்கவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் கையை முஷ்டியாக மடக்கி, ஒற்றை விரலைக் கொக்கி மாதிரி மாட்டி இழுத்துப் பார்ப்பேன். ஆங்கில 'D' எழுத்து மாதிரி இரண்டு முனையும் வளைந்து கதவோடு சேரும் பிடிதான் சரி. நாலு விரலும் உள்ளே போக வேண்டும், முட்டு கதவில் இடிக்கக்கூடாது. 35 மில்லியாவது வெளியே நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். நல்லவேளை, 96இலேயே அது கிடைத்தது. செல்லத்தையும் ஒரு நாள் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) வைத்துக் கூட்டிப்போனேன். கடைக்காரர் பிடிகளைப் பலகையில் திருகித் தொங்கவிட்டிருந்தார். இவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க, பலகையே ஆடிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் எந்த உலோகம் என்ற சண்டை. மருமகளுக்குத் தங்க நிறம் வேண்டும். கடையில் பித்தளை என்று ஒன்றைக் கொடுத்து, காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று நிரூபித்தார்கள். துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா? பின்பக்கம் ஸ்க்ரூ ஏறும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மரை சாம்பல் நிறம். மேலே மட்டும் முலாம். நம் ஊர் மழையில் இரண்டு வருடம் போனால் கொப்புளம் கிளம்பி, அதற்குள்ளிருந்து வெள்ளைப் பூ பூக்கும். அசல் பித்தளை என்றால் கையில் வைத்ததுமே கனம் சொல்லிவிடும், மரையும் மஞ்சளாக இருக்கும். ஆனால் 14 பித்தளையை யார் தேய்ப்பது? வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கவே செல்லத்தின் கை விடவில்லை, இப்போது அதுவே என் வேலை. வார்னிஷ் அடித்த பித்தளை கறுக்காதாம். வார்னிஷ் திட்டுத் திட்டாக உரிந்த பிறகு அதைவிட அசிங்கம் கிடையாது.

கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் நல்ல ரகமான 304 என்று சொல்லி, மட்ட ரகமான 201ஐத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் இரண்டு கடையில் ஒவ்வொன்று வாங்கி வந்து ஙாப்பி (உப்பு மீன் விழுது) கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடமாடினாள். நாலாம் நாள் ஒன்றில் மிளகு தூவிய மாதிரி பழுப்புப் புள்ளி. மற்றது ஒரு வாரம் கழித்தும் அப்படியே பளபளவென்று இருந்தது. அதில்தான் 14 வாங்கினோம்.

கீலைப் பற்றி எழுதினால் நீ தூங்கிவிடுவாய். 35 மில்லிக் குழி ஏற்கெனவே இருந்ததால், மெதுவாக மூடிக்கொள்ளும் புதுக் கீல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோபம் வந்தால் கதவை ஓங்கிச் சாத்த முடியவில்லையே என்று செல்லத்துக்கு ஒரு குறை.

இப்போது உன் அலமாரிக்கு வருகிறேன். எல்லாம் மாறும்போது மூலையில் அது மட்டும் பழைய பிடியோடு நிற்பானேன் என்று மருமகள் நினைத்திருக்கிறாள். நான் காளிகோவிலுக்குப் போயிருந்த நேரம் தச்சர் ஐந்து பிடியையும் கழற்றிவிட்டார், பழைய சாமான்காரன் வாசலில் நின்றிருக்கிறான். நான் தெருவில் நுழைகிறேன், தராசு ஆடிக்கொண்டிருக்கிறது. 'கால் வீசை' என்கிறான். உங்கள் ஊரில் வீசை செத்து எவ்வளவோ நாளாயிற்று, இங்கே இன்னும் அதுதான். வாங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தேன். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1965இல் உங்கள் அப்பா அந்த அலமாரியை எங்கள் வீட்டில் இறக்கி, 'வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்று என் அப்பாவிடம் சொன்னது மௌல்மீனில் பிறந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரி உட்கார்ந்து தேய்த்தேன். எங்கள் அப்பா அடித்த ரயில்வே பச்சைப் பெயின்ட் போனதும், அடியில் ஒவ்வொரு தகட்டிலும் பூவேலை. தகட்டின் ஓரப் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ உறைந்திருந்தது. பெயின்ட் என்று நினைத்து ஊசியால் கிளறினால், குங்குமம். உங்கள் அம்மா ஆயுத பூஜைக்கு வைத்ததாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பொட்டு வைக்கும் பழக்கம் இல்லை. அதை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டேன்.

திருப்பி மாட்ட எம்4, அதாவது 4 மில்லி ஸ்க்ரூ வாங்கினேன். இரண்டு சுற்று ஏறிற்று, மூன்றாவதில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது, இது வெள்ளைக்காரன் காலத்து இஞ்ச் மரை. 5/32 விட்வொர்த். பருமன் எம்4க்கும் அதற்கும் மயிரிழைதான், மரையின் நெருக்கம் வேறு. பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர் பெட்டியில் பழைய ஸ்க்ரூ வைத்திருந்தார், பத்து கொடுத்தார். ஐந்து பிடியும் பழைய இடத்திலேயே இப்போது. ஓட்டையும் பெரிதாகவில்லை. சீன ஆசாரி செய்த வேலை என்று உங்கள் அப்பா பெருமையாகச் சொல்வாரே, சும்மா சொல்லவில்லை.

ஆறாவது டிராயரில் என்ன இருக்கிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, குரங்கே? நீ ஊறுகாய் ஜாடிக்காகப் பிடியில் தொங்கி, பிடியோடு கீழே விழுந்து, அடியும் வாங்கி, மறுநாள் உங்கள் அப்பா நூல்கண்டுக் கட்டையை வைத்துத் திருகினாரே. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் கைப்பட்டுப் பட்டுப் புளியங்கொட்டை மாதிரி மினுங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த வீட்டிலேயே செல்லத்துக்கு வலிக்காமல் திறக்கிற டிராயர் அதுதானாம். நடுவில் ஒடுங்கியிருக்கிறது அல்லவா, இரண்டு விரலை அதன் பின்னால் மாட்டினால் போதும், கிள்ள வேண்டாம். ஆறு வாரம் நான் கடை கடையாகத் தேடியது இங்கேயே இருந்திருக்கிறது.

ஐந்தையும் மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. 1998இல் நான் வியாசர்பாடிக்கு வந்தபோது, உங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சூடத்தட்டைத் தொங்கவிட ஒரு பித்தளை வளையம் இருந்தது. ஒரு பக்கம் முளை உடைந்தது. அம்மாவிடம் கேட்டேன். 'ரங்கூன் சாமான்' என்றார்களே தவிர, வேறு எதுவும் சொல்லவில்லை. ஏதோ மணியின் காது என்று நானும் விட்டுவிட்டேன். கப்பலில் நகை கொண்டுபோக விடாத நாளில், உடைந்த பிடியை அம்மா எதற்குக் கொண்டுபோனார்கள்?

இல்லை, நான்தான் கற்பனை செய்கிறேனா? அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் கழற்ற வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை அதன் மேல் வைத்து, காசின் மேல் தேய்ப்போமே, அப்படிப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்து அனுப்பு. இங்கே உள்ள தகட்டோடு வைத்துப் பார்க்கிறேன். அச்சு எடுத்து ஆறாவதையும் வார்த்துவிடலாம், மாண்டலே தம்பவதியில் புத்தர் சிலை வார்க்கிறவர்கள் செய்வார்கள் என்று தச்சர் சொல்கிறார். மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு அந்த ஊருக்குப் போன் போட்டு, எனக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம், அவசரமில்லை. எப்படியும், எது வந்தாலும் நூல்கட்டையில் கை வைக்கக்கூடாது என்று இவள் உத்தரவு.

ஓட்டையின் தூரத்தையும் அளந்து எழுது. நடுவுக்கு நடு, சண்முகம். நுனிக்கு நுனி அல்ல.

தங்கச்சிக்கு என் அன்பு. பேரனிடம் சொல், அடுத்த தடவை போனில் அவனோடு பர்மியப் பாஷையில்தான் பேசுவேன்.

உன்,
பழனி