காயம்பட்ட கையும் துப்பாக்கியின் பிடியும்

மண்டபம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் உருவாக்கிவரும் போர் விளையாட்டில் குண்டடிபட்ட வீரன் துப்பாக்கியை நழுவவிட வேண்டுமா என்று குழுவுக்குள் வாக்குவாதம் நடப்பதாகவும், ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் என் கருத்து வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். இங்கே எல்லோரும் நலம். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. கரையேற்றிய வள்ளங்களின் நிழலில் பையன்கள் கைப்பேசியில் இதே போரைத்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

அவர்கள் திரையில் பார்த்தவரை, எத்தனை குண்டு பட்டாலும் மிச்ச உயிரைக் காட்டும் கோடு தீரும்வரை பிடி தளர்வதில்லை. உங்கள் குழுவில் ஒருவர் சொல்வதுபோல, அடிபட்டதும் ஏதோ ஒரு வாய்ப்புக் கணக்கில் துப்பாக்கி கீழே விழுவதும் சரியன்று. குண்டு எவ்வளவு பலமாகத் தாக்கியது என்பதைவிட, எந்த இடத்தில் தாக்கியது என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது. விரல்களை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. அவற்றை இயக்கும் நரம்புகள் கழுத்திலிருந்து புறப்பட்டு அக்குள் வழியாகக் கைக்கு வருகின்றன. ஆகவே தொடையில் குண்டு பட்டவன் விழலாம், ஆனால் துப்பாக்கியை விடவேண்டிய காரணம் இல்லை. அக்குளிலோ முன்கையிலோ பட்டவன் நின்றுகொண்டே அதை இழக்கலாம். மேல்கையின் பின்புறத்தைச் சுற்றிவரும் நரம்பு அறுந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும், அதன்பின் விரல்கள் மடங்கினாலும் பிடியில் வலு இராது.

போன ஆண்டு இங்கே ஒரு மீனவர், வலை இழுக்கும் இரும்புக் கயிறு அறுந்து முன்கையைக் கிழித்த நிலையில் என்னிடம் வந்தார். வலியே இல்லை என்றார், முகத்திலும் வலியின் குறி இல்லை. கட்டுப் போட்டு முடித்ததும் கொடுத்த தேநீர்க் குவளையை வாங்கினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல் நீட்டியபடியே நிற்க, குவளை நழுவித் தரையில் விழுந்தது. அவர் தம் கையை அடுத்தவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உங்கள் விளையாட்டில் நான் காண விரும்புவது அந்தக் கணத்தைத்தான்: வலியால் அலறி எறிவதை அன்று, பிடித்திருப்பதாக நம்பியது பிடியில் இல்லை என்று தெரியவரும் நொடியை.

வலியை நம்பி விதி எழுதாதே. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயமடைந்த வீரர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வலிமருந்து வேண்டாம் என்றதை 1946இல் பதிவு செய்தார். குண்டின் வேகம் ஆளைத் தூக்கி எறிவதும் திரைக்காட்சிதான். அது உடலுக்குத் தரும் உந்தம், சுட்டவன் தோள் வாங்கும் பின்னுதைப்பைவிடப் பெரிதன்று.

இன்னொன்று, நீங்கள் மறந்துவிட்ட தோள்வார், அதாவது துப்பாக்கியை உடலோடு மாட்டிக்கொள்ளும் பட்டை. வார் மாட்டியிருப்பவனின் ரைபிள் கை விட்டாலும் மண்ணில் விழாது, மார்பின் குறுக்கே தொங்கும். அதைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. ஒரு கையால் தூக்கிக் குறிபார்த்துச் சுடுவதுதான் கடினம். அப்போது இடக்கையால் கைத்துப்பாக்கியை எடுப்பதா, ரத்தக் கசிவை அழுத்திப் பிடிப்பதா என்று ஆடுபவன் முடிவு செய்யட்டும். 2001இல் வந்த ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட் என்ற கணினிப் போர் விளையாட்டில் கையில் அடிபட்டால் குறி நடுங்கும், காலில் அடிபட்டால் தவழத்தான் முடியும். இவ்வளவு காலம் கழித்து அதைவிடக் குறைவாக நீங்கள் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடுபவர்களுக்கு எரிச்சல் வரும் என்று உன் மேலாளர் அஞ்சுவது புரிகிறது. ஆனால் கை போய்விடும் என்ற பயம் இருந்தால்தான் பையன்கள் சுவருக்குப் பின்னால் பதுங்கக் கற்பார்கள்.

எந்த விளையாட்டிலும் நான் பார்க்காத ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். ரத்தம் அதிகம் போனவனுக்குப் புத்தி தடுமாறும். நண்பனையே எதிரியாக நினைத்துச் சுடக்கூடும். அதனால் சுயநினைவு மாறிய காயக்காரனிடமிருந்து ஆயுதத்தையும் தொடர்புக் கருவியையும் உடனே வாங்கிவிட வேண்டும் என்று அமெரிக்கப் படைகளின் போர்க்கள முதலுதவி விதிகள் சொல்கின்றன. அப்படியானால் துப்பாக்கி நழுவுவது மட்டுமன்று, தோழன் ஒருவன் பக்கத்தில் மண்டியிட்டு, பேச்சுக் கொடுத்தபடியே விரல்களைப் பிரித்து அதை வாங்குவதும் உண்மையே. அதற்குப் பொத்தான் ஒதுக்குவது உங்களுக்குக் கடினமாக இராது என்று நினைக்கிறேன்.

சோதனைப் பதிப்பு தயாரானதும் அனுப்பு. முன்கைக் காயமும் தோள்வாரும் எப்படி வந்திருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு, மற்றவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்