பெயரை இப்போதே எழுதிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன சைக்கிள் ஒருவழியாகப் பெயிண்ட் வரைக்கும் வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கே கால் துறுதுறுத்தது. டாப் டியூபில், அதான் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகிற மேல் குழாயில், என்ன பெயர் எழுதட்டும் என்று பிரேம் செய்கிறவர் கேட்கிறார், நீ 'மின்னல்', 'கருடன்', 'வாயுபுத்திரன்' என்று மூன்றை எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு மூன்றுமே பிடிக்கவில்லை. கம்பெனிக்காரன் விளம்பரத்துக்காக வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது. இன்னும் ஒருமுறைகூட மிதித்துப் பார்க்காத வண்டிக்கு வேறு எப்படித்தான் பெயர் வரும்?

என் வண்டி 'முனகி' ஆன கதையை உனக்குச் சொன்னேனா? நானும் முதலில் 'நீலாம்பரி' என்று ஏதோ அழகாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். ஏற்றத்தில் நின்று மிதித்தால் பெடலுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வரும், தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் கேட்டுவிடும். "முனகி வந்தாச்சு, இலை போடு" என்பார்கள். அப்புறம் பெடல் அச்சு சுழலுகிற பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, சரியாக இறுக்கினேன். சத்தம் அன்றோடு நின்றது. பெயர் நிற்கவில்லை. இப்போது புதிதாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஏன் அந்தப் பெயர் என்று உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது, அதுவும் ஒரு சுகம்தான்.

நம் கூட்டாளி ஒருவன் பின்பக்கம் நீளமாக வைத்து ஒரு வண்டி செய்துகொண்டான் இல்லையா, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாம் ஏறுகிற மாதிரி. அதற்கு 'புஷ்பகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமாம். வைத்தது அவன் இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தா. இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

ஊரறிந்த வண்டிகளை எடுத்துக்கொண்டாலும் எனக்கு இதேதான் தோன்றுகிறது. ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ தன் கையாலேயே செய்துகொண்ட சைக்கிளின் பெயர் 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்', பழைய விசுவாசி. வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பேரிங்கை அதில் போட்டிருந்தார். கைகளை மார்புக்கு அடியில் மடக்கிவைத்து, குனிந்து ஓட்டுவார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமாரில் ஒரு மணி நேர சாதனைக்கு, அதாவது ஒரு மணி நேரத்தில் யார் அதிக தூரம் போவது என்பதற்கு, முயன்றபோது, அதே வண்டியைப் பார்த்து முறையாகச் செய்த புது நகலில்தான் ஏறினார். தோற்றார். மறுநாள் காலையிலேயே திரும்ப ஓட்டுவது என்று முடிவெடுத்தார். கால் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்துக் குடித்து, எழுந்து எழுந்து போய் வந்தாராம். காலையில் ஏறியது பழைய விசுவாசியில். 51.596 கிலோமீட்டர்! ஒன்பது வருஷமாக யாரும் தொடாத, இத்தாலிக்காரர் மோசரின் சாதனை போயிற்று. ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மேன் அதையும் தாண்டினார் என்பது வேறு விஷயம். வண்டி பெயருக்கேற்ப நடந்துகொண்டதே, அதுதான் எனக்கு இனிக்கிறது.

மறு வருஷம் ஸ்பெயின் வீரர் மிகேல் இந்துராயின் அதே சாதனைக்காக ஏறிய பினாரெல்லோ கம்பெனி சைக்கிளுக்கு 'எஸ்பாடா', அதாவது வாள், என்று பெயர். பார்க்கவும் வாள் மாதிரிதான் இருக்கும். 53 கிலோமீட்டர் போனார். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் கதை எங்கே?

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரின் குறும்பு. படுத்தபடி ஓட்டுகிற சைக்கிளில் கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு 1980-களிலேயே ஊர் சுற்றியவர். ஹேண்டில்பாரில் விசைகளை வைத்து, போகிறபோதே டைப் அடிப்பார். கடைசி வண்டியில் 105 கியர், எடை 260 கிலோவுக்கு மேல். அதற்கு 'பிஹிமோத்' என்று பூதப் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்தால், மனித சக்தியில் ஓடும் பெரிய மின்னணு இயந்திரம் என்று கம்பீரமாக ஆரம்பித்து, 'ஆனால் கனம்தான் ரொம்ப ஜாஸ்தி' என்று முடியும். தன் வண்டியின் குறையைத் தானே பெயரில் எழுதி வைத்த மனுஷன்!

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் ஐரோப்பாவிலிருந்து டெல்லி வரை தனியாக மிதித்து வந்த சைக்கிள் 'ரோஸ்'. பழைய ஸ்பானிய நாவலின் நாயகன் டான் கிஹோட்டேயின் எலும்புக் குதிரை ரோசினாண்டேயின் செல்லச் சுருக்கம். கடையில் வாங்கியதுதான், ஆனால் கரடுமுரடான சாலைக்கு ஆகாது என்று கியரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். இந்தப் பெயரைப் பயணத்துக்கு முன்பே வைத்துவிட்டாரே என்று நீ மடக்குவாய், தெரியும். சரி, ஆனால் நோஞ்சான் குதிரையின் பெயரை வைத்தாரே தவிர, பஞ்சகல்யாணி என்று வைக்கவில்லை, பார்!

அதனால் நான் சொல்வது இதுதான். பிரேம் செய்கிறவரிடம் டாப் டியூபைக் காலியாக விடச் சொல். எழுத்து, பெயிண்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி பூசுகிற கிளியர் கோட்டுக்கு அடியில் போய்விட்டால் பிறகு பெயிண்ட்டைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலம் ஓட்டு, எங்கேயாவது பஞ்சராகி நில், பெயர் தானாக வரும். வந்த பிறகு ஸ்டிக்கர் வெட்டி, ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில், மேல்பக்கமாக ஒட்டிக்கொள். ஓட்டும்போது குனிந்தால் உனக்குத் தெரியும். எதிரே வருகிறவனுக்கு எதற்கு?

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் தேவலை, சீட்டை ஒரு விரல் உயர்த்திய பிறகு வலி குறைந்திருக்கிறது. உனக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதியிருந்தாயே, டாக்டர் எப்போதிலிருந்து ஓட்டலாம் என்றார்? அந்தத் தேதியைச் சொல், அதை வைத்து நானும் லீவு போடுகிறேன்.

அன்புடன்,
முனகிக்காரன்