பிரதிநிதி இருக்கிறார், அனுப்பிய அரசு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக அரங்கில் தங்கள் தலைமுறைக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆப்கன் இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் தலைப்பிலேயே அவர்களை 'இளம் தூதர்கள்' என்று போட்டுவிட்டீர்கள். சொற்பிழைதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் சிக்கிக் கிடக்கிறது.

ஐநாவுக்குப் போகும் இளைஞர் பிரதிநிதியை ஐநா தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பு நாடு தேர்ந்தெடுத்துத் தன் குழுவோடு நியூயார்க்குக்கு அனுப்புகிறது. தூதருக்கு உள்ள அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. பேசலாம், கூட்டங்களில் உடன் உட்காரலாம், தீர்மான வரைவுப் பேச்சுகளில் கருத்துச் சொல்லலாம். 2015 டிசம்பரில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு அமைதி முயற்சிகளில் இடம் கொடுங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. காபூலில் அப்போது இருந்த குடியரசு 2018இல் ரமீஸ் பக்தியாரையும், அடுத்த ஆண்டு ஆயிஷா குர்ரமையும், 2020இல் ஷ்குலா ஜத்ரானையும் அந்தப் பொறுப்புக்கு அனுப்பியது. ஜத்ரான் பாதுகாப்பு அவையிலேயே பேசினார். மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 25 வயதுக்குக் கீழே உள்ள நாட்டிலிருந்து ஒரு இளைஞர் குரல் அங்கே கேட்டது சாதாரண விஷயமில்லை. சரி, அதை மறுக்கவில்லை.

ஆயிஷாவைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். அவர் காபூல் பல்கலைக்கழக மாணவி. 2020 நவம்பர் 2 அன்று, வளாகத்தில் புத்தகக் கண்காட்சி தொடங்கிய நாளில், துப்பாக்கியோடு புகுந்தவர்கள் 20 பேருக்கு மேல் கொன்றார்கள். பெரும்பாலோர் வகுப்பறையில் இருந்த மாணவர்கள். இறந்துபோன ஒரு பிள்ளையின் போனில் நூற்றுக்கும் மேற்பட்ட தவறிய அழைப்புகள். கடைசியில் ஒரே ஒரு குறுஞ்செய்தி, பாரசீக மொழியில்: 'ஜானே பதர் குஜாஸ்தி'. அப்பாவின் உயிரே, எங்கே இருக்கிறாய் என்று பொருள். அந்த நாடே அந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அதே மாதங்களில்தான் தோஹாவில் அரசும் தலிபானும் பேச உட்கார்ந்திருந்தார்கள். அரசுக் குழுவின் 21 பேரில் பெண்கள் நான்கு பேர். எதிரே, தலிபான் பக்கம், ஒரு பெண்கூட இல்லை.

அப்புறம் 2021 ஆகஸ்ட் 15, தலிபான்கள் காபூலைப் பிடித்த நாள். அன்று காலை பல்கலைக்கழகத்தைக் காலி செய்தபோது சில பேராசிரியர்கள் மாணவிகளிடம் விடைபெற்றுக்கொண்டார்கள் என்றும், தங்கள் பட்டமளிப்பைப் பார்க்காமலே போகலாம் என்றும் வெளியுலகுக்குச் சொன்னவர் ஆயிஷாதான். அன்றே அவரை அனுப்பிய அரசும் போய்விட்டது.

தலிபான்கள் தங்கள் தூதராக ஐநாவுக்கு சுஹைல் ஷாஹீனின் பெயரை அனுப்பினார்கள். எந்த அரசின் ஆளை ஏற்பது என்று நியமனச் சான்றுகளைப் பார்க்கும் ஐநா குழு ஆண்டுக்கு ஆண்டு முடிவைத் தள்ளிவைத்தது. அதனால் ஆப்கானிஸ்தான் என்று பலகை வைத்த நாற்காலியில், இல்லாத அரசு நியமித்த அதிகாரியே இருந்துவந்தார். பெரியவர்கள் உட்காரும் நாற்காலிக்கே இந்தக் கதி என்றால், அதற்குப் பின்னால் நின்று பேச வேண்டிய இளைஞருக்கு என்ன மதிப்பு இருக்கும்? 2024 ஜூன் கடைசியில் ஆப்கானிஸ்தான் பற்றி தோஹாவில் ஐநா கூட்டிய மூன்றாவது கூட்டத்துக்குத் தலிபான்கள் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த மேசையில் ஆப்கன் பெண்கள் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஐநா அதிகாரிகளும் பிற நாட்டுப் பிரதிநிதிகளும் பெண்களையும் குடிமைச் சமூகத்தினரையும் தனியாகச் சந்தித்தார்கள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வாருங்கள் என்பது போல.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து வந்த ஒரு மாணவன் என்னிடம் படித்தான். விடுதியில் சோறு போடுபவரிடம் சொல்வதற்காக அவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ், 'போதுங்ணா'. ஊருக்குப் போய்விட்டு வரும்போது உலர்ந்த அத்திப்பழத்தைக் கயிற்றில் கோத்துக் கொண்டுவருவான். கொரோனா காலத்தில் ஊருக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டான். அவன் தங்கை அப்போது பத்தாம் வகுப்பு. தலிபான்கள் வந்த பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி மூடியிருந்தது. 2022 மார்ச் 23 அன்று திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அன்று அவன் எனக்கு எழுதியது: "காலையில் அவள் ஷூவை நான்தான் துடைத்துக் கொடுத்தேன் சார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள்." திறந்த அன்றே மூட உத்தரவு. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. நியூயார்க்கில் அவளுக்காக யாரோ பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

நம் பக்கத்தையும் கட்டுரை பேசியிருக்கலாம். 2021 ஆகஸ்டில் இந்தியா ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களை ரத்து செய்தது. விடுமுறைக்குப் போன மாணவர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2023இல் ஆயிரம் பேருக்கு இணையவழிப் படிப்புக்கு உதவித்தொகை அறிவித்தார்கள். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பெண்ணுக்கு அது பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025 அக்டோபரில் தலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்கு வந்து, முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் நிருபர்களே இல்லாமல் பேசிவிட்டுப் போனார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் இரண்டு நாள் கழித்து அவர்களையும் கூப்பிட்டார். அமைச்சருக்கு வாசல் திறந்த அளவுக்கு மாணவிக்கும் திறந்திருக்கிறதா என்று அடுத்த கட்டுரையில் விசாரித்து எழுதுங்கள். மேடையில் ஒருவரை நிறுத்திக் கைதட்டுவதைவிட, பத்துப் பெண்களுக்கு விசாவும் விடுதியில் ஒரு கட்டிலும் கொடுப்பது கடினமான ராஜதந்திரம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் 'இளைஞர் பிரதிநிதிகள்' என்றே போடுங்கள். தூதர் என்றால் திரும்பிப் போக ஒரு நாடு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
கோயம்புத்தூர்