சனிக்கிழமை சர்வரைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

இரண்டு அணிகள் சுட்டு ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டமான கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6-க்கு நாங்கள் நடத்தும் சர்வரில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு மறுபடியும் இரண்டு பக்கமும் ஆள் நிறைகிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். பெயர் போடாமல், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். வேலையை விவரமாக எழுதுவதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. நாளைக்கு வேறு யாராவது ஒரு பழைய சர்வரைத் தூசு தட்டினால், இதே பள்ளங்களில் விழாமல் தப்பிக்கலாம்.

1999 ஜூனில் ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தின் மோடாக, அதாவது அதை மாற்றிச் செய்த வடிவமாக, மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் வெளியிட்ட ஆட்டம் இது. 1.6 வந்தது 2003 செப்டம்பரில், வால்வ் கம்பெனியின் ஆட்ட விநியோகத் தளமான ஸ்டீமோடு. பிரவுசிங் சென்டர்களில் பக்கத்து கேபினுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஆடிய தலைமுறைக்கு இன்றைக்கும் டஸ்ட் டூ என்ற மேப்பின் (ஆட்டக்களத்தின்) லாங் கதவு எந்தப் பக்கம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அந்தக் காலத்து ஆன்லைன் ஆட்டங்கள் பலவும் கம்பெனி சர்வரை நிறுத்திய அன்றே செத்தன. இது சாகவில்லை. சர்வர் மென்பொருள் ஆடுகிறவன் கையிலேயே இருந்ததுதான் காரணம்.

முதல் நன்றி, லினக்ஸில் சர்வரை ஏற்றிக்கொடுத்த அண்ணனுக்கு. 1 ஜிபி ரேம், ஒரே ஒரு கோர் உள்ள மலிவான விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும் என்று அடித்துச் சொன்னவர் அவர். கணக்கும் சரிதான்: 20 பேர், தலைக்கு நொடிக்கு அதிகபட்சம் 20,000 பைட் என்றால் மொத்தம் 3.2 மெகாபிட்தான். ஆனால் முதல் நாள் சர்வர் கிளம்பவே இல்லை. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. ஆட்டத்தின் சர்வர் மென்பொருளான எச்எல்டிஎஸ் 32 பிட் நிரல். இன்றைய 64 பிட் லினக்ஸில் அதை நினைவகத்தில் ஏற்றி ஓட்டும் 32 பிட் லோடர் பெரும்பாலும் தானாக இருப்பதில்லை. லினக்ஸ் இல்லை என்று சொன்னது அந்த லோடரைத்தான், நம் கோப்பை அல்ல! 32 பிட் நூலகங்களைப் போட்டதும் ஓடியது. இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டீமின் கட்டளைவரிக் கருவியான ஸ்டீம்சிஎம்டியில் 90-ஆம் எண் ஆப்பை (இந்த சர்வர் மென்பொருளை) இறக்கும்போது பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். பயப்பட வேண்டாம், அதே கட்டளையை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பக் கொடுத்தால் முழுதாக இறங்கிவிடும். பல வருடங்களாகவே இப்படித்தான்.

2023 நவம்பரில் ஹாஃப்-லைஃபின் 25-ஆம் ஆண்டு அப்டேட் வந்தபோது எஞ்சினே மாறியது. எச்எல்டிஎஸ்ஸின் எஞ்சினுக்கு மாற்றாக ஆர்வலர்கள் எழுதிய, பழைய எஞ்சினை நம்பியிருந்த ரீஎச்எல்டிஎஸ் புதிய கோப்புகளோடு ஒத்துப்போகவில்லை. ஸ்டீம்_லெகசி என்ற பீட்டா கிளையிலிருந்து பழைய கோப்புகளை எடுத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. ரீஎச்எல்டிஎஸ், சர்வருக்குக் கூடுதல் வசதி சேர்க்க உதவும் ஏஎம்எக்ஸ் மோட் எக்ஸ், மெட்டாமோட் இவற்றையெல்லாம் சம்பளமில்லாமல் எழுதிப் பொதுவில் வைத்தவர்களுக்கும் இங்கேயே ஒரு கும்பிடு. இந்த மடல் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை, இருந்தாலும்.

அடுத்து, மேப்களை மீட்டுக்கொடுத்த அக்காவுக்கு. இவருக்குத்தான் நீளமாக நன்றி சொல்ல வேண்டும்.

மூடிய ஒரு பிரவுசிங் சென்டரின் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார் அதன் உரிமையாளர். (அவருக்கும் நன்றி. எடைக்குப் போட்டிருந்தால் கேட்டிருக்கவும் முடியாது.) அதில் மேப்கள் குவியலாக இருந்தன. ஆனால் மேப் இருக்கும் .பிஎஸ்பி கோப்பை மட்டும் சர்வரில் போட்டால் ஆட்டம் நடக்காது. சுவர், தரை, பெட்டிகளின் படங்கள் தனியாக ஒரு .வாட் கோப்பில் இருக்கலாம். அது கிடைக்காவிட்டால், உள்ளே நுழைகிறவரை ஆட்டம் நேராக டெஸ்க்டாப்புக்குத் தள்ளிவிடும். எந்த .வாட் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? .பிஎஸ்பி கோப்பை ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தார் அக்கா. குப்பை எழுத்துகளுக்கு நடுவே படிக்கும்படியான ஒரு பகுதி வரும்; அதில் 'வேர்ல்ட்ஸ்பான்' என்ற இடத்தில் தேவையான .வாட் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வெறும் பெயர் இல்லை, மேப்பைச் செய்தவரின் கம்ப்யூட்டரில் அது இருந்த ஃபோல்டர் வழி முழுக்க இருக்கும். சியரா, ஹாஃப்-லைஃப், வால்வ் என்று அந்தக் காலத்து ஃபோல்டர் பெயர்கள் அப்படியே. யாரென்றே தெரியாத ஒருவருடைய டி டிரைவை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பட்டியலை ஒவ்வொரு மேப்புக்கும் ஒரு .ரெஸ் கோப்பாக (ஆடுகிறவர் இறக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல்) எழுதிவைத்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு வெப் சர்வரில், மேப்ஸ், சவுண்ட், மாடல்ஸ் என்று ஆட்டத்தின் ஃபோல்டர் அமைப்பு மாறாமல் வைத்து, அந்த முகவரியை சர்வர் அமைப்புக் கோப்பின் எஸ்வி_டவுன்லோட்யூஆர்எல் வரியில் கொடுத்தார். இது இல்லையென்றால் கோப்பு ஆட்டத்தின் இணைப்பு வழியாகவே ஊர்ந்து வரும். பாதிப்பேர் காத்திருக்காமல் போய்விடுவார்கள். இதையும் செய்தபின் சிலருக்கு இறங்கவில்லை. காரணம் சிரிப்பு வரவழைக்கும்: விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. நூற்றுக்கணக்கான கோப்புப் பெயர்களை அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

ஒரே பெயரில் இரண்டு விதமான மேப் இருந்தால் 'உங்கள் மேப் சர்வரின் மேப்பிலிருந்து மாறுபடுகிறது' என்று வெளியே நிறுத்திவிடும். ஏற்கெனவே கோப்பு இருப்பதால் புதிதாகவும் இறக்காது. ஆளாளுக்குப் பழையதை அழிக்கச் சொல்வதைவிட, சர்வரில் உள்ளதற்குப் பெயரை மாற்றிவிடுவதே நல்லது. பெயர் மாறினால் .ரெஸ் பெயரும் மாற வேண்டும். இதை நாங்கள் மறந்தோம், அவர் மறக்கவில்லை.

'லேக் அடிக்குது' என்று வந்த ஒவ்வொருவரையும் பொறுமையாக நெட்_கிராஃப் 3 (இணைப்பின் நிலையைத் திரையில் காட்டும் கட்டளை) போடச் சொல்லிக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு நன்றி. லாஸ் என்ற எண் ஏறினால் பாக்கெட் (தரவுத் துண்டு) வழியில் தொலைகிறது, வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறு. சோக் ஏறினால் நீ கேட்கிற வேகத்தில் சர்வர் அனுப்ப முடியவில்லை, ரேட்டை (நொடிக்கு எத்தனை பைட்) கூட்டு அல்லது அப்டேட்ரேட்டை (நொடிக்கு எத்தனை தரம்) குறை. இவ்வளவுதான், ஆனால் இதை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சோக் ஏறிய அன்று, விபிஎஸ்ஸில் 'டாப்' கட்டளையைப் போட்டு 'எஸ்டி' எண்ணை (நமக்குக் கிடைக்காமல் போன சிபியூ நேரம்) காட்டியவரும் அவரே. அதே கம்ப்யூட்டரில் இடம் பிடித்திருந்த பக்கத்து வாடகைக்காரர் நம் சிபியூவைத் தின்றுகொண்டிருந்தார்.

யாரோ சர்வரைப் போலி வினவல்களால் மூழ்கடித்த இரண்டு வாரங்கள் ராத்திரி விழித்து, ஒரு ஐபி முகவரிக்கு நொடிக்கு இத்தனை கேள்விதான் என்று லினக்ஸின் தடுப்புச்சுவரான ஐபிடேபிள்ஸில் வரம்பு போட்டுக்கொடுத்தவருக்கும் நன்றி. அப்போது ஹோஸ்டிங் கம்பெனி செய்த ஒரே உதவி, எங்கள் ஐபியையே அணைத்துவைத்தது.

சர்வர் பட்டியலை நம்பாமல் ஐபியை நேரடியாகப் பகிருங்கள் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் சொன்னதே சரி. 2019 மார்ச்சில் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்புக் கம்பெனியின் ஆய்வாளர்கள் பெலோனார்ட் டிரோஜன் என்ற தீம்பொருளைப் பற்றி எழுதியபோது, ஸ்டீம் பட்டியலில் தெரிந்த சுமார் 5,000 சர்வர்களில் 1,951 அந்த டிரோஜன் உருவாக்கியவை என்றார்கள். 1.6 சமூகம் தேய்ந்ததற்குப் புதிய ஆட்டங்களை மட்டும் குறை சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆர்வமாகத் திரும்பி வந்தவன் குப்பை சர்வரில் மாட்டிக்கொண்டு ஓடினால் மறுபடி ஏன் வரப்போகிறான்?

கடைசியாக, எந்தத் தொழில்நுட்பமும் தெரியாத நாலு பேருக்கு. முதல் இரண்டு மாதம் 8.30-க்கே வந்து காலி சர்வரில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். 0/20 என்று இருக்கும் சர்வரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். 4/20 என்றால் ஐந்தாவது ஆள் வருவான். ஆள் வர வர விலகிக்கொள்ளும்படி பாட்களை (கம்ப்யூட்டரே ஆடும் ஆட்டக்காரர்களை) வைத்தோம், உண்மைதான். ஆனால் பாட் 'மச்சான், பி-யில போடுறான் டா' என்று கத்தாது.

இந்தச் சனிக்கிழமையும் 9 மணிதான். போர்ட் 27015, பாஸ்வேர்ட் இல்லை. மேப்கள்: டஸ்ட் டூ, இன்ஃபெர்னோ, நியூக், டிரெயின், கடைசியில் அசால்ட். அசால்ட்டில் சிடி (பயங்கரவாத எதிர்ப்பு அணி) பக்கம் ஆள் குறைகிறது. கூரை வழியாக இறங்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வரவும்.

அன்புடன்,
சனிக்கிழமை சர்வர் ஆட்டக்காரர்கள்